லோடர் சிலிண்டரைச் செப்பனிடுதல்

டிராக்டரின் முன்புறம் பொருத்தப்பட்டு மண், எரு, மணல், சூளைச் சாம்பல் ஆகியவற்றை அள்ளி ஏற்றும் லோடரில், பாரத்தைத் தூக்கும் வேலை முழுவதையும் செய்பவை ஹைட்ராலிக் சிலிண்டர்களே. பட்டறைகளில் ஜாக் என்றும் வழங்கப்படும் இவை, பம்ப் அனுப்பும் எண்ணெயின் அழுத்தத்தை நேர்கோட்டு அசைவாக மாற்றுகின்றன. உட்புறம் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்ட எஃகுக் குழாய் பேரல் எனப்படும். அதனுள் முன்னும் பின்னும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டனோடு நட்டால் இறுக்கப்பட்டு வெளியே நீண்டு, லோடரின் கையையோ பக்கெட்டையோ தள்ளுவது குரோம் முலாம் பூசிய ராடு. ராடு வெளிவரும் வாயை மூடி, ராடு நேராக ஓடத் துணைநிற்பது கிளாண்ட். பிஸ்டனுக்குப் பின்னால் உள்ள இடம் அடியறை என்றும், ராடு செல்லும் பக்கம் உள்ளது ராடறை என்றும் இவ்வியலில் குறிக்கப்படும்.

இந்த உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளிகளை அடைத்து எண்ணெயைத் தடுப்பவை சீல்கள். சிலிண்டர் கசியத் தொடங்கியதும் கடையில் சீல் கிட் வாங்கிவந்து மாற்றிவிடுவது பரவலான வழக்கம். அந்த வேலை அரை நாளில் முடிந்தும்விடும். ஆனால் சீல் தானாகக் கெடுவது அரிது. வளைந்த ராடு, அரித்த குரோம், தேய்ந்த பின் (சிலிண்டரை லோடரோடு இணைக்கும் ஆணி), எண்ணெயில் கலந்த மண் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. அந்தக் காரணம் உள்ளேயே இருக்கும்வரை, புதிய சீலும் சில வாரங்களில் பழைய சீலின் கதிக்கே ஆளாகும். ஆகவே சிலிண்டரைச் செப்பனிடுவது என்பது முதலில் காரணத்தைத் தேடும் வேலை, பிறகுதான் சீல் மாற்றும் வேலை.

இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது மாஸி ஃபெர்குசன் 35 வகை டிராக்டரில் பூட்டப்பட்ட முன்புற லோடர். 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டதன் பயனாக, இந்தக் குடும்பத்து டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. இவற்றின் சொந்த ஹைட்ராலிக் பம்ப், கியர்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் பொதுவான எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. அந்த எண்ணெயையே லோடருக்கும் எடுக்கும் அமைப்பில், கியர் தேய்ந்து உதிரும் இரும்புத் துகளும், மழைக்காலத்தில் உட்புகும் நீரும் சிலிண்டர்வரை வந்து சேர்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே நினைவிற்கொள்ள வேண்டும்.

சிலிண்டர் எவ்வளவு விசையை ஏந்துகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் உணரலாம். உள்விட்டம் இரண்டரை அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர், உள்ள பேரலில் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 31.7 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 150 பார் என்று கொண்டால், அந்த ஒரே சிலிண்டர் ஏறக்குறைய 4,800 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ராடின் விட்டம் ஒன்றரை அங்குலமாக இருந்தால், ராடறைப் பக்கம் எண்ணெய் தொடும் பரப்பு 20.3 சதுர சென்டிமீட்டராகக் குறைந்துவிடுவதால், இழுக்கும் விசை 3,100 கிலோ அளவில் நிற்கும். தள்ளும் விசைக்கும் இழுக்கும் விசைக்கும் உள்ள இந்த வேறுபாடு, பழுதைப் பிரித்தறியும்போது மீண்டும் தேவைப்படும்.

பழுது எங்கே இருக்கிறது?

கை வைக்கும் முன் பாதுகாப்பைப் பற்றிச் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கி நிறுத்திய லோடர் கையின் கீழ் எவரும் நிற்கக் கூடாது; எண்ணெய் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது தாங்குகோல் ஆகாது. வேலை தொடங்குமுன் கையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவர்களை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்துக் குழாய்களில் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஹோஸில் உள்ள ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் சென்றுவிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரிவதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சில மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். ஆகவே கசிவைத் தேடும்போது கைக்குப் பதிலாக அட்டைத் துண்டை ஹோஸின் ஓரமாக நகர்த்திப் பார்ப்பதே முறை.

கசிவு இருவகைப்படும். ராடு வெளிவரும் இடத்தில் எண்ணெய் வழிந்து, அதன்மேல் தூசி அப்பியிருந்தால் அது வெளிக்கசிவு. கிளாண்டில் உள்ள ராடு சீல் கெட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பிஸ்டனைச் சுற்றி ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எண்ணெய் நழுவுவது உட்கசிவு. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் ஊகத்தில் எடுக்கப்படுகின்றன. மிகப் பரவலான ஊகம், தூக்கி நிறுத்திய கை தானாக இறங்கினால் பிஸ்டன் சீல் போய்விட்டது என்பது. இரு அறைகளுக்கும் எண்ணெய் செல்லும் இருவழிச் சிலிண்டரைப் பொறுத்தவரை இந்த முடிவு பெரும்பாலும் தவறு.

காரணம் எளிது. லிவர் நடுநிலையில் இருக்கும்போது கன்ட்ரோல் வால்வு இரு அறைகளின் வழிகளையும் அடைத்துவிடுகிறது. கையின் பாரம் ராடை உள்ளே தள்ளுகிறது. ராடு உள்ளே நுழைய வேண்டுமானால், நுழையும் ராடின் கன அளவுக்கு எண்ணெய் சிலிண்டரைவிட்டு வெளியேறியாக வேண்டும். பிஸ்டன் சீல் முற்றிலும் அழிந்திருந்தாலும், எண்ணெய் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குத்தான் போகுமே தவிர வெளியே போக வழியில்லை. எண்ணெயோ அமுங்கிக் கொடுக்காது. எனவே கை சிறிதளவு இறங்கி நின்றுவிடும். ஆனால் உள்ளே அழுத்தம் மாறுகிறது: 1,000 கிலோ பாரத்தைத் தாங்க, நல்ல சீல் இருந்தால் அடியறையில் 31 பார் போதும், சீல் இல்லையெனில் பாரத்தைத் தாங்குவது ராடின் குறுக்குப் பரப்பாகிய 11.4 சதுர சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், இரு அறைகளிலும் அழுத்தம் 86 பாருக்கு ஏறிவிடும். கை தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால், வால்வின் உள்ளே நகரும் ஸ்பூல் என்னும் உருள்தண்டு தேய்ந்து, அதைச் சுற்றி எண்ணெய் டேங்குக்குத் திரும்புகிறது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். பிஸ்டன் சீலின் பழுது அழுத்தத்தை ஏற்றி அந்த ஒழுக்கை விரைவுபடுத்தும். தானாக அதை உண்டாக்காது.

பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டரில் நிலைமை தலைகீழ். கையின் மேற்புறத்தில் அமைந்து நீளும்போது பக்கெட்டைக் கவிழ்க்கும் வகையில், நிறைந்த பக்கெட்டின் பாரம் ராடை வெளியே இழுக்கிறது. ராடு வெளியேறும்போது உள்ளே இடம் கூடுகிறது. ராடறையின் எண்ணெய் கெட்ட சீலைத் தாண்டி அடியறைக்கு வந்துவிட, மீதி இடம் வெறுமையாக நிற்கும். அதைத் தடுக்கும் சக்தி வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இல்லை. ஆகவே பக்கெட் தானாகக் கவிழ்ந்தால் பிஸ்டன் சீலைச் சந்தேகிப்பது நியாயம். கை இறங்குவதும் பக்கெட் கவிழ்வதும் ஒரே நோயின் இரு அடையாளங்கள் என்று எண்ணிவிட்டால், நல்ல சிலிண்டரைப் பிரித்து, கெட்ட வால்வை விட்டுவைக்க நேரும்.

பிஸ்டன் சீலின் பழுது தெளிவாக வெளிப்படுவது தூக்கும்போதுதான். அப்போது ராடறை டேங்குக்குத் திறந்திருப்பதால், அடியறைக்கு வரும் எண்ணெய் சீலைத் தாண்டி நேரே டேங்குக்குப் போகிறது. கை மெதுவாக ஏறுகிறது, எண்ணெய் சூடாகிறது, பாரம் கூடினால் ஏறாமலே நிற்கிறது. பம்ப் தேய்ந்தாலும், அழுத்தத்தின் உச்சவரம்பைக் காக்கும் ரிலீஃப் வால்வு தளர்ந்தாலும் இதே அடையாளம் தோன்றக்கூடும் என்பதால், சிலிண்டரைத் தனியே சோதித்தே முடிவுக்கு வர வேண்டும்.

சோதனையைக் கை தரையில் இருக்கும்போதே செய்யலாம். சந்தேகத்திற்குரிய சிலிண்டரின் ராடு முனைப் பின்னைக் கழற்றி, அதைக் கையிலிருந்து விடுவித்து, ஒரு கட்டையின்மேல் தாங்கவைக்க வேண்டும். கையைத் தூக்க இருபுறமும் இரு சிலிண்டர்கள் இருப்பதால், மற்றதற்குச் செல்லும் இரு ஹோஸ்களையும் கழற்றி, ஹோஸ் முனைகளை அழுத்தம் தாங்கும் எஃகு அடைப்பான்களால் மூட வேண்டும். பின்னர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ராடை முழுவதும் உள்ளிழுத்து, எஞ்சினை நிறுத்தி, அழுத்தம் நீக்கி, அடியறை ஹோஸைக் கழற்றி அதன் முனையையும் அடைத்து, சிலிண்டரின் திறந்த வாயின் கீழ் ஒரு பாத்திரத்தை வைக்க வேண்டும். மீண்டும் எஞ்சினை இயக்கி லிவரை இறக்கும் பக்கம் சில நொடிகள் பிடித்தால், அழுத்தம் ராடறைக்கு மட்டும் செல்லும். திறந்த வாயிலிருந்து சொட்டுகள் விழுந்து நின்றால் சீல் நலமாக உள்ளது. தாரையாக ஒழுகினால் கெட்டுவிட்டது. இந்தச் சோதனை பேரலின் ஒரு முனையை மட்டுமே காட்டும் என்பதும், அதிகம் ஓடித் தேய்வது நடுப்பகுதி என்பதும் உண்மையே. இருப்பினும் பிரிப்பதற்கு முன் கிடைக்கக்கூடிய சான்றுகளில் இதுவே சிறந்தது.

இதற்கு நேர்மாறாக, ராடறையின் வாயை அடைத்துவிட்டு அடியறைக்கு அழுத்தம் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. அதை ஒருபோதும் செய்யலாகாது. அடியறையின் 150 பார், சிறிய பரப்புள்ள ராடறையில் 234 பாராகப் பெருகும். கிளாண்ட் பெயர்ந்து பாய்வதற்கு அது போதுமானது.

மிகப் பழைய லோடர்களில் கையைத் தூக்குவதற்கு மட்டும் எண்ணெய் செல்லும், இறங்குவது பாரத்தால். இத்தகைய ஒருவழிச் சிலிண்டரில் ராடறை சிறு மூச்சுத்துளை மூலம் காற்றுக்குத் திறந்திருக்கும். அத்துளையில் எண்ணெய் சொட்டினால் பிஸ்டன் சீல் கெட்டது வெளிப்படை. இங்கு கை இறங்குவதற்கும் அதுவே காரணமாகலாம். மூச்சுத்துளை வழியே ஈரக்காற்று புகுவதால் பேரலின் மேற்பாதி துருப்பிடித்திருப்பதும் இவ்வகையில் இயல்பு.

கழற்றுதல்

சிலிண்டரை வண்டியிலிருந்து எடுக்குமுன் வெளிப்புற மண்ணையும் கிரீஸையும் முழுவதும் கழுவிவிட வேண்டும். ஹோஸ்களுக்கு அடையாளத் துணி கட்டி, திறந்த முனைகளை உடனே மூட வேண்டும். பின் வெளிவர மறுத்தால், சம்மட்டியால், பின் நுழையும் துளையுள்ள ராடின் கண்ணையே அடிக்கும் வழக்கத்தைத் தவிர்த்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு விடுவது நேரமிழப்பாகத் தோன்றினாலும் ராடைக் காக்கும். எண்ணெயை வடித்த பிறகு, இரு வாய்களையும் திறந்துவைத்தே கிளாண்டைத் தொட வேண்டும்.

கிளாண்ட் பூட்டப்பட்டிருக்கும் முறை சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். மரையால் திருகப்பட்டது என்றால் அதன் முகத்தில் இரண்டு துளைகளோ பள்ளங்களோ இருக்கும். அவற்றுக்குப் பொருந்தும் முள் ஸ்பேனரைத் தடித்த தகட்டிலிருந்து லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். உளியை வைத்துத் தட்டித் திருப்பினால் துளை சிதைந்து, அடுத்த முறை திருப்ப வழியில்லாமல் போகும். உள்வளையத்தால் நிறுத்தப்பட்ட கிளாண்டை முதலில் சற்று உள்ளே தள்ளினால்தான் வளையம் தளரும்; தள்ளாமல் நெம்புவதால் பேரலின் வாய்தான் கீறுபடும். பேரலின் பக்கத்தில் நீள்பிளவு தெரிந்தால் உள்ளே வட்டக்கம்பி இருக்கிறது என்று பொருள். கிளாண்டைச் சுழற்றினால் கம்பி பிளவு வழியே வெளியே ஊர்ந்து வரும். இவற்றுள் எதுவும் இல்லாமல் இருபுறமும் பற்றவைக்கப்பட்ட பேரல்களும் உண்டு. அவற்றை லேத்தில் வெட்டித் திறந்து மீண்டும் பற்றவைப்பது தேர்ந்த கையின் வேலை.

இறுகிய கிளாண்டை வெளியேற்றக் கம்ப்ரெஸர் காற்றைப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தானது. அமுங்கிய காற்று விரியும்போது பிஸ்டனும் ராடும் எறிபொருளாகப் பாயும். ராடின் கண்ணில் கயிறு கட்டி, பேரலை வைஸில் பிடித்து, நேர்கோட்டில் மெல்ல இழுப்பதே போதுமானது.

பிஸ்டன் நட்டைக் கழற்றும்போது ராடைக் கண்ணின் வழியாகவே பிடிக்க வேண்டும்; குரோம் பரப்பைப் பைப் ரிஞ்சால் கவ்விய ஒரு கணம் அந்த ராடின் ஆயுளை முடித்துவிடும். மரையில் ஒட்டுப்பசை இட்டிருந்தால் சூடேற்றித்தான் தளர்த்த முடியும். சூடேற்றுமுன் அருகிலுள்ள சீல்கள் அனைத்தையும் அகற்றிவிட வேண்டும். ஃபுளூரோ ரப்பரால் ஆன சீல் நெருப்பில் எரிந்தால் எலும்புவரை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும். கருகிய சீல் எச்சத்தை வெறுங்கையால் தொடவே கூடாது.

பழைய சீல் சொல்லும் செய்தி

கழற்றிய சீல்களைக் குப்பையில் எறிவது, நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும். ஒவ்வொன்றும் எந்தப் பள்ளத்தில், எந்தப் பக்கம் நோக்கி இருந்தது என்று தகரத்தட்டில் வரிசையாக அடுக்கி, வெயில் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும்; செப்பனிடும் வேலையில் அறிவுக்கு அதிகம் இடம் உள்ள கட்டம் இதுவே.

சீல் முழுவதும் ஒரே சீராக இறுகி, வளைத்தால் வெடிப்பு விடுகிறது என்றால், காரணம் வயதும் வெப்பமும். எண்ணெய் அளவுக்குமீறிச் சூடாகிறதா என்று ரிலீஃப் வால்வையும் டேங்கின் எண்ணெய் மட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால், ராடு வளைந்திருக்கிறது அல்லது பின்னும் அது அமரும் புஷ்ஷும் தேய்ந்து சிலிண்டரைக் கோணலாக இழுக்கின்றன. அழுத்தம் குறைந்த பக்கத்து விளிம்பு எலி கடித்ததுபோல் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்திருந்தால், பிஸ்டனுக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி பெருகி, அழுத்தம் சீலை அந்த இடுக்கில் திணித்திருக்கிறது. அங்கே புதிய சீல் மட்டும் போதாது, அதன் பின்னால் தாங்கி நிற்கும் பேக்-அப் ரிங்கும், தேய்ந்த வழிகாட்டி வளையத்துக்கு மாற்றும் தேவை. சீல் உப்பி, விரலால் பிசைந்தால் களிபோல் நெகிழ்ந்தால், எண்ணெய்க்கு ஒவ்வாத ரப்பர் போடப்பட்டிருக்கிறது; பிரேக் சிலிண்டரின் ரப்பர் கிண்ணத்தை அளவு ஒத்துப்போகிறது என்பதற்காக இங்கே பொருத்துவதால் இது நேர்கிறது, ஏனெனில் பிரேக் திரவத்துக்கென உருவான ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி வீங்கிவிடும். விளிம்பு கருகி, தீயில் வாட்டியதுபோல் தோன்றினால், எண்ணெயோடு சிக்கிய காற்று திடீர் அழுத்தத்தில் டீசல் எஞ்சினில் நிகழ்வதுபோல் தானே பற்றியிருக்கிறது. சிலிண்டரைப் பூட்டியபின் காற்றை வெளியேற்றாமல் பாரம் ஏற்றியதே அதன் காரணம். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடினால் மண்துகள். உதட்டில் ஒரே ஒரு கூரிய வெட்டு இருந்தால், சென்ற முறை பூட்டியவர் கையில் நேர்ந்த பிழை.

ராடைச் சோதிக்க விரல் நகமே முதற்கருவி. குரோம் படலம் பொதுவாக 20 முதல் 50 மைக்ரான் தடிப்பே உடையது. தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. துடைத்த ராடின்மேல் நகத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் ஓட்டினால் தட்டுப்படும் ஒவ்வொரு பள்ளமும் சீலின் உதட்டை ஒவ்வோர் ஓட்டத்திலும் அரத்தைப்போல் அறுக்கும். மேடாக எழுந்த சிறு கீறலை நுண்ணிய எண்ணெய்க்கல்லால் தேய்த்துச் சமமாக்கலாம். குரோம் உரிந்து துருப்புள்ளிகள் கூட்டமாகத் தென்பட்டால் எமரித் தாளால் மெருகிடுவது கண்துடைப்பே. எரு அள்ளும் லோடர்களில் அம்மோனியாவும் உப்பும் ராடை விரைந்து அரிப்பதால் இந்நிலை அடிக்கடி காணப்படும். அப்போது ராடை மறுபடி குரோம் பூசக் கொடுக்கலாம், அல்லது ஹார்டு குரோம் ராடு வாங்கி, லேத்தில் மரை வெட்டி, பழைய கண்ணை முன்சூடேற்றிப் பற்றவைக்கலாம். நீளம் குறைந்த லோடர் ராடுகளுக்குப் பின்னதே பெரும்பாலும் சிக்கனமானது.

வளைவைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. இரு வி-கட்டைகளில் ராடைக் கிடத்தி, நடுவில் டயல் கேஜை நிறுத்தி மெல்ல உருட்ட வேண்டும். முள் ஊசலாடும் அளவில் பாதியே உண்மையான வளைவு. பக்கெட்டின் ஒரு மூலையால் மரவேரை நெம்பியதும், பாறையில் மோதியதும் இங்கே வெளிப்படும். ஒரு பக்கத்து ராடு வளைந்திருந்தால் மறுபக்கத்ததையும் எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

பேரலின் உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்க்கும்போது சீரான மங்கல் ஒளி தெரிய வேண்டும். மேலோட்டமான துருவையும் மெல்லிய கோட்டையும் ஹோன் என்னும் நெகிழ்தண்டுத் தேய்ப்புக் கருவி கொண்டு, எண்ணெய் விட்டு, குறுக்குக் கோடுகள் பின்னல்போல் விழும்படி முன்பின்னாக ஓட்டி நீக்கலாம். நகம் சிக்கும் ஆழமான நீளக்கீறலை ஹோனிங் மூலம் நீக்க முயன்றால் விட்டம் பெருகி, பிஸ்டனைச் சுற்றிய இடுக்கு விரிந்து, மேற்சொன்ன எலிக்கடிக்கு வழிகோலும். அங்கே ஹோன் செய்த புதுக் குழாயை வெட்டிப் பொருத்துவதே தீர்வு. ஹோன் செய்த பேரலைச் சோப்புச் சுடுநீரால் தேய்த்துக் கழுவி உலர்த்தி உடனே எண்ணெய் தடவ வேண்டும். பட்டறைகளில் எதற்கும் கைநீட்டும் பனியன் வேஸ்ட் பஞ்சிழைகளை விட்டுச்செல்லும். நூல் உதிராத துணியே இங்கு ஏற்றது.

புதிய சீலும் பூட்டுதலும்

சீலின் வரலாறு ஹைட்ராலிக் பொறியின் வரலாற்றோடு பிறந்தது. ஜோசப் பிராமா 1795-இல் இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றபோது, அழுத்தம் ஏறஏற நீர் ராடோரம் பீறிடுவதே பெரும் இடராக இருந்தது. அழுத்தம் கூடக்கூட விரிந்து இறுகும் தோல் கிண்ண சீலை அவரது பட்டறையில் பணியாற்றிய ஹென்றி மாட்ஸ்லே வகுத்தார் என்று பொறியியல் வரலாறு கூறுகிறது. இன்றைய சீலின் உதடும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது: பள்ளமான பக்கத்தில் எண்ணெய் நுழைந்து உதட்டை விரித்துப் பரப்போடு அழுத்துகிறது. ஆகவே ராடு சீலின் உதடு சிலிண்டரின் உட்புறம் நோக்கியும், மண்ணைத் துடைத்துத் தள்ளும் வைப்பர் சீலின் உதடு வெளிப்புறம் நோக்கியும் அமைய வேண்டும். இதைத் தலைகீழாக வைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த சீலும் முதல் ஓட்டத்திலேயே கசியும்.

அளவெடுக்கும்போது பழைய சீலை அளப்பது பெரும் பிழை. அது வீங்கியோ சுருங்கியோ இருக்கும். வெர்னியர் காலிபரால் ராடின் விட்டம், பேரலின் உள்விட்டம், பள்ளத்தின் ஆழம், அகலம் ஆகியவற்றையே அளக்க வேண்டும். பழைய டிராக்டர்களில் மேலும் ஒரு பொறி உண்டு: அவை அங்குல அளவின. ஒன்றரை அங்குல ராடு 38.1 மில்லிமீட்டர், கடையில் தருவது 38 ஆக இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் ஒன்றேமுக்கால் அங்குலம் 44.45, அதற்கு 45 மில்லிமீட்டர் சீலைப் போட்டால் அரை மில்லிமீட்டருக்கு மேல் தளர்ந்து நிற்கும். 63.5 பேரலுக்கு 63-க்குரிய பிஸ்டன் சீலும் அப்படியே. ஹோஸ் நிப்பிள்களின் மரையிலும் இதே குழப்பம் நேரும்: அரையங்குல பி.எஸ்.பி. மரைக்கும் என்.பி.டி. மரைக்கும் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் ஒன்று மற்றொன்றில் ஏறிவிடும். ஆனால் புரியின் கோணம் 55, 60 பாகை என வேறுபடுவதால் எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது.

பொதுவான பயன்பாட்டுக்கு நைட்ரைல் ரப்பரும், தேய்மானம் மிகுந்த ராடு சீலுக்குப் பாலியூரிதேனும் ஏற்றவை. பாலியூரிதேன் சீல் விறைப்பானது என்பதால் சுடுநீரில் சற்று நேரம் இட்டு, அவரை விதை வடிவில் உள்நோக்கி மடித்துக் கிளாண்டின் பள்ளத்தில் நுழைத்தால் விரிந்து அமர்ந்துகொள்ளும். ஸ்குரூ டிரைவரின் முனை சீலையும் தொடக் கூடாது, பள்ளத்தையும் தொடக் கூடாது. முனை மழுங்கிய பித்தளைக் கம்பியோ மூங்கில் குச்சியோ போதும். டெஃப்ளான் வளையம் பிஸ்டன்மேல் ஏற்றும்போது விரிந்துவிடும். அதைச் சுற்றி மெல்லிய தகடு வைத்து, ஹோஸ் கிளிப்பால் மெல்ல இறுக்கி, பழைய அளவுக்குச் சுருங்கும்வரை விட்டுவைக்க வேண்டும்.

பழைய லோடர்கள் சிலவற்றில் வி-வடிவ வளையங்கள் அடுக்கப்பட்ட பேக்கிங் இருக்கும். வெட்டுள்ள வளையங்களாயின் இணைப்புகள் ஒரே நேரில் விழாமல் மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். கிளாண்ட் நட்டை இறுக்குவதை எண்ணெய்க் கசிவு நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் இறுக்குவது வளையத்தையும் ராடையும் ஒருங்கே தேய்க்கும்.

கிளாண்டை ராடின்மேல் ஏற்றும்போது, ராடின் மரைநுனி புதிய சீலை அறுத்துவிடும் என்பதால், மரைமேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். பிஸ்டனைப் பேரலுக்குள் செலுத்துகையில் எண்ணெய் வாயின் உள்விளிம்பு மற்றொரு கத்தி. சீல் அந்த இடத்தைக் கடக்கும்போது துளை வழியே மழுங்கிய மரக்குச்சியால் மெல்ல அழுத்திக்கொடுக்க வேண்டும். சீல் வெட்டுப்படும்போது கையில் ஒரு சிறு தடையும் உடனே ஒரு தளர்வும் உணரப்படும். அந்த உணர்வைப் புறக்கணித்து மேலே தள்ளாமல், வெளியே எடுத்துப் பார்ப்பவரே வேலையை இருமுறை செய்வதிலிருந்து தப்புகிறார். பிஸ்டன் நட்டை அந்தச் சிலிண்டருக்குரிய கையேட்டின் முறுக்குவிசையில் இறுக்கி, பூட்டுநட்டாயின் புதிதே போட வேண்டும். ஓடும்போது நட்டு கழன்ற பிஸ்டன் பேரலைக் கிழித்துவிடும்.

வண்டியில் பூட்டுமுன் பின்னையும் புஷ்ஷையும் அளந்து, ஆட்டம் இருந்தால் மாற்றி, கிரீஸ் நிப்பிள் வழியே புதுக் கிரீஸ் மறுபுறம் வெளிவரும்வரை ஏற்ற வேண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அதே எண்ணெயில் புதிய சீலை ஓட்டுவதில் பயனில்லை. எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிய பின், எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்து, பாரமில்லாமல் சிலிண்டரை முழு நீளமும் ஐந்தாறு முறை மெதுவாக நீட்டிச் சுருக்கினால் சிக்கிய காற்று டேங்குக்குத் திரும்பும். அசைவில் துள்ளல் நின்ற பிறகே பாரம் ஏற்ற வேண்டும். எண்ணெய் மட்டத்தைச் சிலிண்டர்கள் சுருங்கிய நிலையில் பார்ப்பதே சரி.

பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் ராடைத் துடைத்து, சில முறை இயக்கிப் பார்த்தால், நல்ல ராடின்மேல் விரலில் ஒட்டும் அளவுக்கு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் இருக்கும், சொட்டாகத் திரளாது. லோடரில் எங்கேனும் பற்றவைக்கும்போது எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும், இல்லையேல் மின்னோட்டம் சிலிண்டர் வழியே பாய்ந்து ராடில் பொரிப்புள்ளிகளை உண்டாக்கும். தெறிக்கும் பொறியிலிருந்து காக்க ராடை ஈரச்சாக்கால் மூடி, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். வேலை ஓய்ந்த மாதங்களில் வண்டியை ராடுகள் உள்ளடங்கிய நிலையில் நிறுத்தி, வெளியே நீட்டி நிற்க வேண்டிய பகுதிக்கு மட்டும் கிரீஸ் பூசிவைத்து, மறுபடி ஓட்டுமுன் அந்தக் கிரீஸை அதில் ஒட்டிய மண்ணோடு துடைத்தெடுத்துவிட வேண்டும்.